வீடு பார்க்கக் கிளம்பும் முன்: எவ்வளவு விலை வரை வாங்கலாம் என்று தம்பதியர் கணக்கிடும் முறை

வீடு வாங்க நினைக்கும் தம்பதியரில் பெரும்பாலோர் முதலில் வீட்டைப் பார்க்கிறார்கள், அடுத்து வங்கியைக் கேட்கிறார்கள், வீட்டுச் செலவுக் கணக்கைக் கடைசியில்தான் கையில் எடுக்கிறார்கள். உறவினர்கள், அலுவலக நண்பர்கள் என்று சிலரோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். தவணையில் சிக்கித் திணறியவர்கள் எல்லோரும் கூட்டல் கழித்தல் நன்றாகவே தெரிந்தவர்கள், வரிசையில்தான் பிசகியிருந்தார்கள்.

கீழே உள்ள படிகள் சென்னையில் வாடகை வீட்டில் இருக்கும், இருவரும் சம்பளத்துக்குச் செல்லும் ஒரு தம்பதியரை வைத்து எழுதப்பட்டவை. எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை, அந்த இடங்களில் உங்கள் எண்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படியின் விடை அடுத்த படிக்குத் தேவைப்படுவதால் நடுவிலிருந்து தொடங்க முடியாது.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

இருவரின் கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், ஓராண்டு வங்கிக் கணக்கு அறிக்கை, கிரெடிட் கார்டு அறிக்கைகள், நடப்பில் உள்ள எல்லாக் கடன்களின் நிலுவை, காப்பீட்டுப் பிரீமியம் ரசீதுகள், வைப்பு நிதி, மியூச்சுவல் ஃபண்ட், சீட்டு ஆகியவற்றின் இன்றைய மதிப்பு. ஓராண்டு அறிக்கை ஏன் என்றால், மூன்று மாதத்தை மட்டும் பார்த்தால் தீபாவளியும் பள்ளிக் கட்டணமும் கண்ணில் படாமல் போய்விடும்.

இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்ய வேண்டும். தங்கைக்கு மாதாமாதம் அனுப்பும் தொகை, நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன், வீட்டில் சொல்லாமல் வைத்த நகைக்கடன் போன்றவை பெரும்பாலும் இந்த மேசையில்தான் வெளியே வருகின்றன. ஜாமீன் கையெழுத்தும் உங்கள் கடன் வரலாற்றில் பதிவாகும் என்பதால், மறைத்தாலும் வங்கி கண்டுபிடித்துவிடும்.

2. நம்பத்தகுந்த மாத வருமானம்

பிடித்தங்கள் போகக் கையில் வரும் தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போனஸ், இலக்கை எட்டினால் வரும் ஊக்கத்தொகை, அடுத்த ஆண்டு எதிர்பார்க்கும் சம்பள உயர்வு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். தவணை மாதம் தவறாமல் வரும். போனஸ் அப்படி வராது. சொந்தத் தொழில் செய்பவர் நல்ல மாதங்களின் சராசரியை எடுக்காமல், கடந்த இரண்டு ஆண்டுகளில் மந்தமாக இருந்த மாதங்களின் வருமானத்தை எடுப்பது பாதுகாப்பு.

நம் எடுத்துக்காட்டில் ஒருவருக்கு 80,000 ரூபாய், மற்றவருக்கு 55,000 ரூபாய். சேர்த்து 1,35,000.

3. வாடகை நீங்கலாக வாழ்க்கைச் செலவு

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனெனில் இங்கே விடுபடும் ஒவ்வோர் ஆயிரம் ரூபாயும் முடிவில் ஒரு லட்சம் ரூபாய்க் கடனாக உருமாறி நிற்கும். நினைவிலிருந்து எழுதாமல் வங்கி அறிக்கையிலிருந்து எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதும் தொகை எப்போதும் குறைவாகவே இருக்கும்.

நம் தம்பதியரின் கணக்கு இப்படி வந்தது: மளிகை, பெட்ரோல், மின்சாரம், மருந்து, வேலையாள் சம்பளம், வெளியில் சாப்பிடுவது எல்லாம் சேர்த்து 42,000, ஊரில் உள்ள பெற்றோருக்கு 12,000, காப்பீட்டுப் பிரீமியங்களை மாதமாகப் பிரித்தால் 4,000, நடப்பில் உள்ள கார் கடன் தவணை 8,000. ஆண்டுக்கு ஒருமுறை அல்லது இருமுறை வரும் பள்ளிக் கட்டணம், பண்டிகைத் துணிமணி, மொய், வண்டிப் பழுது, ஊர்ப் பயணம் ஆகியவை ஆண்டுக்கு 1,80,000, அதாவது மாதம் 15,000.

ஆறாவதாக ஒரு வரி உண்டு. அதைப் பலர் எழுதுவதில்லை. குழந்தையின் படிப்புக்கும் தங்கள் முதுமைக்கும் ஒதுக்கும் சேமிப்பு. இங்கே அது 12,000. இதைச் செலவுப் பட்டியலில்தான் வைக்க வேண்டும். மிச்சமானால் சேமிக்கலாம் என்று விட்டால், வீட்டுக்கடன் அந்த மிச்சத்தை விட்டுவைக்காது.

மொத்தம் 93,000. வருமானத்தில் இதைக் கழித்தால் 42,000 ரூபாய். வீடு என்ற ஒரே விஷயத்துக்கு இவர்களால் ஒதுக்க முடிவது இவ்வளவுதான்.

4. அதில் தவணைக்கு எவ்வளவு

“இப்போது 20,000 வாடகை கொடுக்கிறோம், அதோடு கொஞ்சம் சேர்த்தால் தவணை ஆகிவிடும்” என்பது எல்லோரும் போடும் கணக்கு. வாடகைதாரர் கொடுக்காத செலவுகள் உரிமையாளருக்கு உண்டு: அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி, சங்கத்தின் பராமரிப்புக் கட்டணம், கோடையில் தண்ணீர் லாரிக்கான பங்கு, மோட்டார், லிஃப்ட், வெள்ளையடிப்பு போன்றவற்றுக்கு அவ்வப்போது கேட்கும் சிறப்பு வசூல்.

இவற்றுக்கு மாதம் 6,000 என்று வைத்தால் தவணைக்கு எஞ்சுவது 36,000. குடியிருப்பில் நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் இருந்தால் 6,000 போதாது. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக் கணக்கில் வசூலிக்கப்படுவதால், பெரிய வீட்டுக்கு விலையோடு மாதச் செலவும் ஏறும்.

இந்த எண்ணைக் காகிதத்தோடு விட்டுவிடாமல் ஆறு மாதம் ஒத்திகை பாருங்கள். சம்பளம் வந்த அன்றே, வாடகை போக மீதமுள்ள 22,000 ரூபாயை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டுத் தொடாமல் இருங்கள். மூன்றாவது மாதம் அதிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் மூன்றாம் படியில் ஏதோ விடுபட்டிருக்கிறது. தவறாமல் முடிந்தால் 1,32,000 ரூபாய் முன்பணத்தோடு சேரும்.

5. தவணையைக் கடன் தொகையாக மாற்றுதல்

இருபது ஆண்டுக் கடனுக்கு, 8.5% வட்டியில் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய், 10.5% வட்டியில் சுமார் 998 ரூபாய். இன்றைய வட்டி 8.5% என்று வைத்துக்கொண்டாலும் கணக்கை 10.5%-இல் போடுங்கள். 36,000-ஐ 998 ஆல் வகுத்தால் 36 லட்சம் ரூபாய் கடன். 8.5%-இல் போட்டிருந்தால் 41 லட்சத்துக்கு மேல் வந்திருக்கும். அந்த ஐந்து லட்ச இடைவெளிதான் உங்கள் பாதுகாப்பு.

இரண்டு சதவீதம் மிகையான எச்சரிக்கை என்று நினைப்பவர்கள் 2022-ஐப் பார்க்கலாம். மாறும் வட்டியில் வங்கிகள் தரும் புதிய வீட்டுக்கடன்கள் 2019 அக்டோபர் முதல் ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டுள்ளன. அந்த ரெப்போ விகிதம் 2022 மே தொடக்கத்தில் 4% ஆக இருந்தது. 2023 பிப்ரவரியில் 6.5% ஆகிவிட்டது. 6.75% வட்டியில் 40 லட்சம் கடன் வாங்கியவரின் தவணை சுமார் 30,400 ரூபாய். வட்டி 9.25% ஆனபோது அந்தக் கடனுக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 30,833 ரூபாய். தவணையை உயர்த்தாமல் விட்டவருக்கு மாதாமாதம் கட்டியும் அசல் ஏறியிருக்கும்.

இப்போது வங்கியின் கணக்கைப் பாருங்கள். கையில் வரும் வருமானத்தில் பாதி வரை எல்லாத் தவணைகளுக்கும் போகலாம் என்பது வங்கிகளில் பரவலாக உள்ள அளவு. சில இடங்களில் அதற்கு மேலும் போவார்கள். 67,500-இல் கார் கடன் 8,000 போக 59,500 மீதி, 8.5%-இல் அது சுமார் 68 லட்சம் ரூபாய் கடன். அந்தக் கடனை வாங்கினால் தவணை 59,000, சொத்து வரி, பராமரிப்பு போன்ற உரிமையாளர் செலவு 6,000, வாழ்க்கைச் செலவு 93,000 என்று மாதம் 1,58,000 வேண்டும், வருவது 1,35,000. இதில் வங்கியின் தவறு ஒன்றும் இல்லை. பணம் திரும்பி வருமா என்பதுதான் அதன் கேள்வி. ஊருக்கு அனுப்பும் 12,000-உம் படிப்புக்கான சேமிப்பும் அதன் விண்ணப்பப் படிவத்தில் இல்லை.

கடன் காலத்தை 30 ஆண்டாக நீட்டினால் அதிகம் கிடைக்குமே என்ற யோசனை இந்த இடத்தில் வரும். ஒன்பதாம் படியில் இவர்கள் வந்து சேரப்போகும் 33.6 லட்சம் கடனுக்கு 8.5%-இல் இருபது ஆண்டுத் தவணை 29,159. முப்பது ஆண்டுக்கு 25,835. மாதம் மூவாயிரத்துச் சொச்சம் குறைப்பதற்காகக் கூடுதலாகக் கட்டும் வட்டி சுமார் 23 லட்சம். மூத்தவர் ஓய்வு பெறும் ஆண்டுக்கு முன்பே கடன் முடிய வேண்டும் என்பதை மாற்றக் கூடாத விதியாக வையுங்கள்.

வீட்டுக்கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும் என்று தவணையில் கழித்துக்கொள்ளவும் வேண்டாம். புதிய வரி முறையில் இருப்பவருக்குத் தாம் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு அந்தக் கழிவு கிடையாது.

6. ஒரு சம்பளம் நின்றால்

பிரசவம், பெற்றோரின் உடல்நிலை, ஆட்குறைப்பு. இருபது ஆண்டுகளில் இவற்றில் ஒன்றுகூட வராத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே சம்பளங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

செலவைச் சுருக்கினால் நம் தம்பதியருக்கு வாழ்க்கைச் செலவு 68,000 வரை இறங்கும்: சேமிப்பு நிற்கும், பயணம் நிற்கும், ஊருக்கு அனுப்புவதும் கார் தவணையும் நிற்காது. இதோடு உரிமையாளர் செலவு 6,000, இன்றைய வட்டியில் 36 லட்சத்துக்கான தவணை 31,242 சேர்ந்து 1,05,242. சிறிய சம்பளம் நின்றால் மாதம் 25,000 துண்டு விழும். பெரிய சம்பளம் நின்றால் 50,000. ஓராண்டுக்கு ஆறு லட்சம்.

ஆகவே ஆறு லட்ச ரூபாய் அவசரக் கையிருப்பு இவர்களுக்கு வேண்டும். வீடு வாங்கிய மறுநாளும் அது வங்கியில் இருக்க வேண்டும். பத்திரப் பதிவு அன்று தொட்டுவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. கடன் தொகை அளவுக்கு இருவருக்கும் தூய ஆயுள் காப்பீடு (டெர்ம் இன்சூரன்ஸ்) தனியாக இருக்கட்டும். கடனோடு சேர்த்து விற்கப்படும் ஒற்றைப் பிரீமியக் காப்பீட்டை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

7. கையில் உள்ள பணத்தில் வீட்டுக்கு எவ்வளவு

வைப்பு நிதி 15 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 5 லட்சம், பெற்றோர் தருவதாகச் சொல்லி ஏற்கெனவே கணக்கில் போட்டுவிட்டது 3 லட்சம்: மொத்தம் 23 லட்சம். “தருகிறேன்” என்று சொன்ன மாமா பணம், விற்றால் கிடைக்கக்கூடிய ஊர் மனை, இன்னும் எடுக்காத சீட்டு ஆகியவை கணக்கில் வராது. கழுத்து நகையை நான் எப்போதும் வெளியே வைப்பேன்; மற்றவர்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

இதில் அவசரக் கையிருப்பு 6 லட்சத்தைக் கழியுங்கள். அடுத்து, குடிபோவதற்கான செலவு 4 லட்சம்: அலமாரி, சமையலறை மேடை வேலை, கொசுவலை, மின்விசிறி, கிரகப்பிரவேசம், சாமான் ஏற்றி இறக்குவது. எங்கள் வீட்டில் இந்த வரியை எழுத மறந்தோம். பத்திரம் பதிந்த இரண்டாவது வாரம் மரவேலைக்காக நகையை அடகு வைத்தோம். மீட்க ஒன்றரை ஆண்டு ஆனது.

வீட்டுக்கென்று மீதி 13 லட்சம்.

8. விலைக்கு மேல் வரும் செலவு

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%. பதிவுக் கட்டணம் முன்பு 4% ஆக இருந்து 2023-இல் குறைக்கப்பட்டது. கூடவே, பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பும் உயர்த்தப்பட்டது. புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் வேறு கணக்கு: நிலப் பங்கும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பு 50 லட்சம் வரை என்றால் இரண்டும் சேர்த்து 6%, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 7%.

நீங்கள் கொடுக்கும் விலையை விட அரசின் வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால் அந்த மதிப்பின் மீதுதான் தீர்வை. பதிவுத் துறையின் இணையதளத்தில் தெருப் பெயரை வைத்தே அதைப் பார்த்துவிடலாம்.

இவற்றோடு தரகு, வழக்கறிஞர் கருத்துரை, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அசல் பத்திரங்களை வங்கியில் ஒப்படைப்பதைப் பதிவு செய்யும் செலவு ஆகியவை உண்டு. மறுவிற்பனை வீட்டுக்கு இவற்றை 2% என்று எடுத்தால் விலைக்கு மேல் மொத்தம் 11%. வங்கிக் கடன் இந்தப் பதினொன்றுக்குக் கிடைக்காது. முழுதும் உங்கள் கைப்பணம்.

9. இரண்டு உச்சவரம்புகள், அவற்றில் சிறியது

முதலாவது, தவணை அனுமதிக்கும் விலை. கடன் 36 லட்சம், கைப்பணம் 13 லட்சம், சேர்த்து 49 லட்சம். இதை 1.11 ஆல் வகுத்தால் சுமார் 44 லட்சம்.

இரண்டாவது, கைப்பணம் அனுமதிக்கும் விலை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் 90% வரை போகலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80%. அதற்கும் மேல் 75%. நம் தம்பதியர் 80% வரம்பில் வருகிறார்கள். ஆகவே விலையில் 20 சதவீதமும் மேற்செலவு 11 சதவீதமும் அவர்களுடையது. 13 லட்சத்தை 0.31 ஆல் வகுத்தால் சுமார் 42 லட்சம்.

சிறியது 42 லட்சம். அதுதான் இவர்களின் எண். கடன் 33.6 லட்சம், தவணை இன்றைய வட்டியில் 29,159; வட்டி இரண்டு சதவீதம் ஏறினாலும் 33,550-ஐத் தாண்டாது.

1,35,000 சம்பாதித்து 42 லட்சத்துக்குத்தானா என்ற ஏமாற்றம் இந்த இடத்தில் எல்லோர் முகத்திலும் தெரியும். அப்போது மூன்றாம் படிக்குத் திரும்பிச் செலவு எண்களைச் ‘சரி’ செய்யத் தொடங்குவார்கள்; அதை மட்டும் செய்யாதீர்கள். நிஜமாக எண்ணை உயர்த்தும் வழிகள் சில உண்டு. கார் கடன் முடியும் வரை காத்திருந்தால் மாதம் 8,000 விடுபடும். இவர்களைத் தடுப்பது கைப்பணம் என்பதால் ஓராண்டு கூடுதலாகச் சேர்ப்பது, விலைவரம்பை நேரடியாக உயர்த்தும்: சேரும் ஒவ்வொரு லட்சத்துக்கும் மூன்று லட்சத்துக்குச் சற்று மேல், அதுவும் தவணை வரம்பான 44 லட்சத்தைத் தொடும் வரை. அதுவும் இல்லையென்றால், பத்துப் பதினைந்து ஆண்டு பழைய கட்டடம், சிறிய வீடு, அல்லது வேளச்சேரிக்குப் பதிலாகப் புறநகரான ஊரப்பாக்கம்.

10. கட்டி முடிக்கப்படாத வீடு என்றால்

கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு 5% ஜிஎஸ்டி உண்டு. 45 லட்சம் வரை விலையும், சென்னை போன்ற பெருநகரில் 60 சதுர மீட்டர் வரை உட்பரப்பும் உள்ள வீட்டுக்கு 1%. கட்டட நிறைவுச் சான்று பெற்ற பிறகு விற்கப்படும் வீட்டுக்கு இந்த வரி இல்லை. கார் நிறுத்துமிடம், மின் மற்றும் குடிநீர் இணைப்புக் கட்டணம், பராமரிப்பு முன்வைப்பு ஆகியவை விளம்பர விலையில் சேர்ந்திருக்கின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள்.

பெரிய சிக்கல், வாடகையும் வட்டியும் ஒரே நேரத்தில் கட்ட வேண்டிய காலம். வங்கி படிப்படியாகப் பணம் விடுவிக்கும். விடுவித்த தொகைக்கு வட்டி ஓடும். 33.6 லட்சமும் விடுவிக்கப்பட்டபின் மாத வட்டி 23,800; வாடகை போக இவர்களிடம் இருப்பது 22,000. சாவி ஓராண்டு தாமதமானால் அந்தத் துண்டு முழுவதையும் கையிருப்புதான் தாங்க வேண்டும்.

11. எண்ணோடு வீடு பார்க்கப் போகும்போது

தரகரிடம் உங்கள் எண்ணைச் சொல்லாதீர்கள். ஐந்து லட்சம் குறைத்துச் சொல்லுங்கள். வங்கி அனுமதித்த தொகையைச் சொல்லவே வேண்டாம்.

வீடு பிடித்ததும், விற்பவர் கேட்கும் தொகை முழுவதும் பத்திரத்தில் எழுதப்படுமா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்பது சட்ட மீறல் என்பதோடு உங்கள் கணக்கையும் உடைக்கும். வங்கி, பத்திர விலை, தன் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பு ஆகிய இரண்டில் குறைந்ததற்குத்தான் கடன் தரும். 42 லட்சம் வீட்டில் 10 லட்சம் ரொக்கம் என்றால், கடன் 32 லட்சத்தில் 80%, அதாவது 25.6 லட்சம், கைப்பணத் தேவை எட்டு லட்சம் ஏறிவிடும். பதிவுச் செலவில் மிச்சமாவது ஒரு லட்சம்கூட இல்லை.

வில்லங்கச் சான்றிதழ், தாய்ப் பத்திரங்கள், பட்டா, கட்டட அனுமதி வரைபடம் ஆகியவற்றை வங்கியின் வழக்கறிஞர் பார்த்து ஒப்புதல் தருவதற்கு முன் பெரிய முன்பணம் கொடுக்காதீர்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் கட்டுநர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. மறுவிற்பனையில் அந்தக் காப்பு இல்லாததால், ஆவணக் குறையாலோ மதிப்பீட்டாலோ கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதையும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் நீங்களே கேட்டு எழுதி வாங்க வேண்டும். அதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் கைநீட்டி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.